இழந்த உறுப்பைச் சீரமைக்கலாமா?



மார்பில் கட்டி கண்ட பெண்மணி அதை வெளியே சொல்ல நாணி மாதக்கணக்கில் மறைத்து வைப்பது நம் இல்லங்களில் இன்றும் நிகழ்கிறது. வலி இல்லையே என்று ஆறுதல் கொள்வோரும் உண்டு. புற்றுக்கட்டி தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை என்பதை அவர்கள் அறிவதில்லை. மருத்துவரிடம் போனால் மார்பையே எடுத்துவிடுவார்கள் என்னும் அச்சமோ நாணத்தினும் பெரிது.

அவ்வச்சத்திற்குக் காரணம் உண்டு. 1882-இல் அமெரிக்க மருத்துவர் வில்லியம் ஹால்ஸ்டெட் தொடங்கிய முறையில் மார்பகம், அதன் அடியிலுள்ள தசைகள், அக்குள் நிணநீர்க் கணுக்கள் யாவும் ஒருசேர அகற்றப்பட்டன. நெடுங்காலம் அதுவே வழக்கமாயிருந்தது. பின்னர் அமெரிக்காவில் பெர்னார்ட் ஃபிஷரும் இத்தாலியில் உம்பர்ட்டோ வெரோனேசியும் நடத்திய ஆய்வுகளின் இருபதாண்டு முடிவுகள் 2002-இல் வெளியாயின. கட்டி சிறிதாயின், அதை மட்டும் சுற்றியுள்ள சிறிது திசுவோடு எடுத்துக் கதிர்வீச்சு அளித்தாலே போதும்; முழு மார்பகத்தையும் அகற்றியவர்களுக்கு நிகராக அவர்களும் உயிர் வாழ்கின்றனர் என்று அவை மெய்ப்பித்தன.

கட்டி பெரிதாகிவிட்டாலோ, மார்பகத்தில் பல இடங்களில் தோன்றினாலோ முழுவதும் அகற்ற நேரிடலாம். மறைத்து வைக்கும் ஒவ்வொரு மாதமும் நம் கையிலுள்ள வழிகளைக் குறைத்துவிடுகிறது.

அகற்றிய பின்னும் வழி உண்டு. சிலிகான் பை வைத்து மார்பைச் சீரமைக்கலாம். அல்லது அடிவயிற்றிலிருந்தோ முதுகிலிருந்தோ சொந்தத் திசுவை எடுத்து அமைக்கலாம். அதே அறுவையிலோ, சிகிச்சை முடிந்து சில காலம் கழித்தோ செய்யலாம். கதிர்வீச்சு பெற்ற இடத்தில் சிலிகான் பை தொல்லை தரும் வாய்ப்பு மிகுதி. பழைய உணர்ச்சி முழுமையாகத் திரும்புவதில்லை. இரண்டாவது அறுவையை விரும்பாதோர் ஆடைக்குள் செயற்கை மார்பு அணியலாம், ஏதுமின்றியும் இருக்கலாம். முடிவு அப்பெண்மணியுடையது.

இது அல்லாஹ்வின் படைப்பை மாற்றுவதாகாதா என்று சிலர் ஐயுறுவர். அர்ஃபஜா (ரலி) அவர்கள் குலாப் போரில் மூக்கை இழந்தார்கள். வெள்ளியால் செய்து வைத்த மூக்கு துர்நாற்றம் வீசியது. ஆண்களுக்குத் தங்கம் விலக்கப்பட்டிருந்தும், தங்கத்தால் மூக்குச் செய்துகொள்ளும்படி நபி (ஸல்) அவர்கள் அவருக்குப் பணித்தார்கள். அபூதாவூத், திர்மிதீ நூல்களில் இச்செய்தி உள்ளது. 2007-இல் மலேசியாவின் புத்ராஜெயாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமியும், அகற்றப்பட்ட மார்பகத்தைச் சீரமைப்பது ஆகுமானதே எனத் தீர்மானித்தது. அழகுக்காகப் படைப்பை மாற்றுவது வேறு. நோயால் இழந்ததை மீட்பது வேறு.

பெண் மருத்துவர் கிடைத்தால் அவரிடமே செல்லுங்கள். கிடைக்காவிடில், தேவை கருதி ஆண் மருத்துவரிடம் காட்டுவதை மார்க்கம் தடுக்கவில்லை.

கணவன்மார்களே! உங்கள் துணைவி தயங்கித் தயங்கிச் சொல்லும் அந்த ஒரு சொல்லைச் செவிமடுங்கள். பெருநாள் கழியட்டும், மகள் திருமணம் முடியட்டும் என்று தள்ளிப் போடாதீர்கள். இந்த வாரமே அழைத்துச் செல்லுங்கள். நலம் தருபவன் அல்லாஹ்; நாடிச் செல்வது நம் கடமை.