பந்து வீசியவன் பாவி. பணம் வீசியவன் கனவான்!

சூதாட்டத்தால் கெட்டான் என்று சொல்கிறார்களே, தோழர்களே, யார் கெட்டான்? ஆடியவனா, ஆட்டுவித்தவனா? வள்ளுவர் சூதுக்கென்று ஓர் அதிகாரமே ஒதுக்கினார். அதைப் படித்துவிட்டு, ஏழையைப் பார்த்து மட்டும் 'சூதாடாதே!' என்று உபதேசிக்கும் உத்தமர்கள் ஊருக்கு ஊர் உண்டு. சூதாட்டக் கூடத்தின் சொந்தக்காரனைக் கண்டாலோ மாலை, மரியாதை, மேடையில் முன்வரிசை!

இந்த நீதி அமெரிக்காவையும் ஆண்டது, இன்றும் ஆள்கிறது. அதற்குச் சாட்சி, பேஸ்பால் ஆட்டம். ஒருவன் பந்து வீசுவான். மற்றவன் தடியால் அடிப்பான். அடித்தவன் நான்கு முனைகளையும் சுற்றி வந்தால் ஓர் ஓட்டம். ஆட்டம் எளிது. அதைச் சுற்றிப் புரளும் பணம்தான் சிக்கல்.

ஜோ ஜாக்சன் என்றொரு தொழிலாளியின் பிள்ளை. தென் கரோலினா மாநிலத்துக் கிரீன்வில் நகரில், பள்ளிக்குப் போக வேண்டிய வயதில் பஞ்சாலைக்குப் போனவர். எழுதவும் தெரியாது, படிக்கவும் தெரியாது. ஆனால் தடியைக் கையிலெடுத்தால் நாடே எழுந்து நின்று பார்க்கும். 1919இல் சிக்காகோ ஒயிட் சாக்ஸ் குழுவில் அவருக்கு ஆண்டுக்கு 6,000 டாலர்.

ஆலைக் கூலியைவிட அதிகம்தானே என்பீர்கள். அதிகம்தான். ஆனால் அன்றைய ஒப்பந்தத்தில் ஒரு விலங்கு இருந்தது. முதலாளி விடுவித்தாலன்றி ஆட்டக்காரன் வேறு குழுவுக்குப் போக முடியாது. கொடுப்பதை வாங்கு, இல்லையேல் வீட்டில் இரு! காளையை விற்கலாம், வாங்கலாம். காளை தன் எசமானைத் தேர்ந்தெடுக்க முடியுமா? அந்த விலங்கு உடைய 1975 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அந்த 1919இல், சிக்காகோவுக்கும் சின்சின்னாட்டிக்கும் இறுதிப் போட்டித் தொடர். வெல்ல வேண்டிய குழு சிக்காகோ என்று நாடே பேசியது. சூதாடிகள் வந்தனர், பணம் காட்டினர். பந்து வீச்சாளர் எட்டி சீகாட்டுக்கு 10,000 டாலர் சேர்ந்தது. முதல் ஆட்டத்தில், எதிரணியின் முதல் ஆட்டக்காரர் உடம்பில் பந்து பட்டது. கை தவறியதல்ல, பேரம் முடிந்தது என்று சூதாடிகளுக்குச் சொன்ன சைகை! ஐந்துக்கு மூன்று என்ற கணக்கில் தொடர் சின்சின்னாட்டிக்குப் போனது.

பணம் வாங்கியது குற்றம்தான். தன் கூலியில் மிச்சம் பிடித்துச் சீட்டு வாங்கி வந்து உட்கார்ந்திருந்த உழைப்பாளியை ஏமாற்றியது குற்றம்தான். அதை மறைக்க மாட்டோம். 5,000 டாலர் பெற்றதாக ஜாக்சனே 1920இல் வாக்குமூலம் கொடுத்தார். பின்னர், சதியில் தமக்குப் பங்கில்லை என்று சாகும்வரை சொன்னார்.

தண்டனை யாருக்கு வந்தது? அதுதான் நம் கேள்வி. விசாரணைக்கு முன் வாக்குமூலத் தாள்கள் காணாமற்போயின. 1921 ஆகஸ்ட் 2இல் சிக்காகோ நீதிமன்றம் ஆட்டக்காரர்களை விடுவித்தது. மறுநாளே ஆணையர் லாண்டிஸ், நீதிமன்றம் என்ன சொன்னால் என்ன என்று எட்டுப் பேரையும் ஆட்டத்திலிருந்து நிரந்தரமாக விலக்கினார். பணமே வாங்காத, சதியை அறிந்தும் வாய் திறக்காத பக் வீவரும் அந்த எண்மரில் ஒருவர்.

பணத்துக்குப் பின்னால் நின்றவர் என்று ஊரே விரல் நீட்டிய நியூயார்க் சூதாட்டக் கோமான் ஆர்னால்ட் ராத்ஸ்டீன்? அவர் மீது வழக்கே இல்லை! காணாமற்போன தாள்கள்? 1924இல், கூலி பாக்கி கேட்டு ஜாக்சன் தொடுத்த வழக்கில், முதலாளி தரப்பு வழக்கறிஞரிடமிருந்தே வெளிவந்தன! கைநாட்டுத் தொழிலாளி கறைபட்டவன்; காகிதம் ஒளிந்திருந்த கைப்பெட்டியோ கண்ணியம் வாய்ந்தது! எப்படி இருக்கிறது நியாயம்?

அது பழங்கதை என்று தள்ளிவிடாதீர்கள். 2018 மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம், விளையாட்டுப் பந்தயத்துக்கு இருந்த 1992ஆம் ஆண்டின் தடைச் சட்டத்தைச் செல்லாதென்றது. அதே ஆண்டு நவம்பரில், சூதாடியின் நிழலே தீட்டு என்று சொல்லிவந்த பேஸ்பால் நிர்வாகம், பெரும் சூதாட்ட நிறுவனமொன்றுடன் கை குலுக்கி ஒப்பந்தம் போட்டது. இன்று கைப்பேசியில் ஒவ்வொரு பந்துக்கும் பந்தயம். 2025 நவம்பரில், வேண்டுமென்றே பந்தைத் தவறாக வீசியதாக இரு வீச்சாளர்கள் மீது குற்றச்சாட்டு வந்தது. நிர்வாகம் என்ன செய்தது? ஒற்றைப் பந்துப் பந்தயத்துக்கு 200 டாலர் வரம்பு வைத்தது. கடையை மூடவில்லை, கதவைக் கொஞ்சம் ஒருக்களித்தது!

கடையின் கணக்கைக் கேளுங்கள். இரண்டு தொழிலாளிகள் எதிரெதிர்ப் பக்கத்தில் ஆளுக்கு 110 டாலர் கட்டுகிறார்கள். வென்றவனுக்கு லாபம் 100. தோற்றவனுக்கு நட்டம் 110. இடையில் நின்ற 10 டாலர் கடைக்காரனுக்கு. 21 முறை கட்டுகிறவன் 11 முறை வென்றால்தான் போட்ட முதலாவது மிஞ்சும். 10 முறை வென்றாலோ கையிருப்பு கரையும். எந்த அணி வென்றாலென்ன, தோற்றாலென்ன, கடை தோற்பதில்லை! உழைப்பாளியின் கூலி இரண்டு கை மாறும். நடுவில் கடைக்காரன் கிள்ளி எடுப்பான்.

2025 மே மாதம், ஜாக்சனின் பெயரை விலக்கப்பட்டோர் பட்டியலிலிருந்து நீக்கினார்கள். அவர் 1951இல் இறந்தவர். 73 ஆண்டுகள் கழித்துக் கல்லறைக்கு வந்தது கருணை!

தோழர்களே! சூது வேண்டாம் என்பதில் நமக்கு இரண்டு பேச்சில்லை. நம் கூலியை நாமே கொண்டுபோய் அந்தக் கல்லாவில் கொட்டக்கூடாது. ஆனால் அந்த அறிவுரையை நமக்கு மட்டும் சொல்பவரை நிறுத்தி, ஒன்று கேளுங்கள்: "ஆடியவனைத் தண்டித்தீர், சரி. ஆட்டுவித்தவன் எங்கே?"

பதில் வரும்வரை கேளுங்கள்!