உயர்திணை, அஃறிணை, ஆய்வேடு

பல்கலைக்கழக ஆய்வுத் தலைப்புகளை வரிசையாக வாசித்து நகைப்பது நம் இலக்கிய வட்டங்களில் நெடுநாளாக நிலவிவரும் பொழுதுபோக்கு. பால் புதுமையரின் உளநலம் குறித்து ஓர் ஆய்வு, மலைநாட்டு நன்னீர் மீன்களின் சூழலியல் குறித்து இன்னோர் ஆய்வு என இரண்டையும் அடுத்தடுத்து வைத்துவிட்டால் நகைப்பு இரட்டிப்பாகும். ‘இவற்றால் யாருக்கு என்ன பயன்?’ என்பார் ஒருவர். ‘செய்தவருக்குப் பட்டம்’ என்பார் மற்றொருவர். அத்தோடு கூட்டம் கலையும்.

நகைப்பவர்களோடு நமக்கு உடன்பாடு இல்லை. இவ்விரண்டும் உயிரோடு தொடர்புடைய துறைகள். 1984இல் நிறுவப்பட்ட அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் அட்டுவம்பட்டியில் இருக்கிறது. அங்கிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் கொடைக்கானல் ஏரி. அந்த ஏரியின் மீன் பற்றிய அறிவும், அந்த வளாகத்திற்குப் படிக்க வரும் பெண்களுள் தன் ஈர்ப்பையோ பாலினத்தையோ வெளியே சொல்ல இயலாமல் தவிக்கும் ஒருத்தி பற்றிய அறிவும் தேவையற்றவை என்று எவரேனும் சொன்னால், அவருக்கு அறிவு என்ற சொல்லின் பொருளே தெரியவில்லை என்போம்.

நம் வழக்கு வேறு. எவரைப் பற்றி ஆய்ந்தோமோ அவருடைய மொழியில் முடிவைத் திருப்பித் தராத ஆய்வு பாதி ஆய்வு. மீதிப் பாதியை அதற்குத் தகுதியற்றவர்கள் எழுதி முடிப்பார்கள். இது வெறும் மொழிப்பற்றுப் பேச்சன்று என்பதை இரு துறைகளிலிருந்தும் காட்டுவோம்.

முதலில் மீன். கொடைக்கானல் ஏரி 1863இல் வெட்டப்பட்டது. அதே நகரில், பாம்பாறு சோலையின் விளிம்பில், 1983இல் வெப்பமானித் தொழிற்சாலை ஒன்று தொடங்கப்பட்டது. அமெரிக்காவிலிருந்து பெயர்த்துக் கொண்டுவரப்பட்ட அது, பின்னர் இந்துஸ்தான் லீவரின் கைக்கு வந்தது. பாதரசம் படிந்த உடைந்த கண்ணாடி நகரின் பழைய இரும்புக் கடையொன்றில் கண்டுபிடிக்கப்பட்ட பின், 2001இல் ஆலை மூடப்பட்டது. 2003இல் ஏறத்தாழ 290 டன் பாதரசக் கழிவு அமெரிக்காவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டது. 2016இல் முன்னாள் தொழிலாளர் 591 பேருடன் நிறுவனம் உடன்பாடு செய்துகொண்டது. இவ்வளவும் செய்தித்தாள் படிப்போர் அறிந்தவை.

ஏரி மீனுக்கு என்ன ஆயிற்று என்பது அத்தனை பேர் அறியாதது. ஐதராபாத்திலுள்ள அணுசக்தித் துறை ஆய்வகமொன்றின் அறிவியலாளர்கள் ஏரியின் நீரையும் படிவையும் மீனையும் எடுத்துச் சோதித்து 2006இல் ஆங்கில ஆய்விதழொன்றில் வெளியிட்டனர். மீனில் கிலோவுக்கு 120 முதல் 290 மைக்ரோகிராம் வரை பாதரசம். இந்த எண்ணை ஏரிக்கரையில் தூண்டிலோடு நிற்பவரிடம் சொன்னால் அவர் என்ன செய்வார்? பன்னாட்டளவில் நெடுங்காலம் வழிகாட்டியாக இருந்த வரம்பு கிலோவுக்கு 500 மைக்ரோகிராம். ஆகவே மீனைத் தொட்டாலே நஞ்சு என்று அலற வேண்டியதில்லை. அதே வேளையில், வரம்புக்குக் கீழே என்பதாலேயே கவலையற்றிருக்கவும் முடியாது. பாதரசம் நீரடிப் படிவில் நுண்ணுயிர்களால் மெத்தில் பாதரசமாக மாறி, உணவுச் சங்கிலியில் ஏறஏறச் செறிவு கூடும். கருவிலிருக்கும் குழந்தையின் மூளை வளர்ச்சியைத் தாக்கவல்லது. ஒரு முறை சுவைக்கும் சுற்றுலாப் பயணிக்கும், வாரத்தில் நான்கு நாள் அதே மீனை உண்ணும் கருவுற்ற பெண்ணுக்கும் இந்த எண் ஒரே பொருளைத் தராது. எவர், எத்தனை நாளுக்கொரு முறை, எந்த மீனை உண்ணலாம் என்று எளிய தமிழில் எழுதிய ஒரு பக்கம் அந்த மக்களின் கையில் இருந்திருக்க வேண்டும். அளந்தவர்களின் உழைப்பை நாம் போற்றுகிறோம். அளந்ததை ஊருக்குச் சொல்வதை எவருடைய கடமையாகவும் வைத்திராத அமைப்பையே குற்றம் சாட்டுகிறோம்.

இனி மனிதர். தன்பாலீர்ப்பை அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 1973இல் நோய்ப்பட்டியலிலிருந்து நீக்கியது. உலக நலவாழ்வு நிறுவனம் 1990இல் நீக்கியது. இந்திய உச்சநீதிமன்றம் 2018 செப்டம்பர் 6 அன்று 377ஆம் பிரிவின் பிடியைத் தளர்த்தியது. மதுரையிலிருந்து சென்னைக்குத் தப்பி வந்த இரு பெண்களின் வழக்கில், நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தாமே உளவியலாளரிடம் அமர்ந்து பாடம் கேட்டுக்கொண்டு, 2021 ஜூன் 7 அன்று, ஈர்ப்பை ‘மாற்றும்’ சிகிச்சைகளைத் தடை செய்யும் ஆணையைப் பிறப்பித்தார். இத்தனைக்குப் பிறகும் 2024 ஆகஸ்டில் தேசிய மருத்துவ ஆணையம் வெளியிட்ட சட்டமருத்துவப் பாடத்திட்டத்தில் பெண்களின் தன்பாலுறவு ‘இயற்கைக்கு மாறான குற்றங்கள்’ வரிசையில் மீண்டும் தலைகாட்டியது. எதிர்ப்பு எழவே சில நாளில் திரும்பப் பெறப்பட்டது. அறிவு ஒருமுறை பெற்றால் போதும், தானே நிலைத்துவிடும் என்று நம்புவோர் இந்த ஒரு நிகழ்வை எண்ணிப் பார்க்கட்டும்.

இந்நிலையில் ஓர் ஆய்வாளர் வினாத்தாளோடு செல்கிறார். மனச்சோர்வு, பதற்றம், தற்கொலை எண்ணம் ஆகியவற்றை அளவுகோல் வைத்து மதிப்பிடுகிறார். பால் புதுமையரிடம் இவை மிகுதி என்று முடிவு வருகிறது. உலகெங்கும் பல ஆய்வுகள் கண்ட முடிவுதான். ஆனால் ஏன் மிகுதி? 2003இல் இலான் மேயர் தொகுத்துரைத்த ‘சிறுபான்மை அழுத்தம்’ என்னும் கோட்பாடு இதற்கு விடை தருகிறது. இழிவுபடுத்தல், விலக்கல், எந்நேரமும் மறைந்து வாழ வேண்டிய கட்டாயம், எதிர்பார்த்து அஞ்சிக்கொண்டேயிருத்தல் ஆகியவையே நோயை வளர்க்கின்றன. வீட்டார் ஏற்றுக்கொள்ளும் இடத்தில் துயர் குறைகிறது. ஆக, ஆய்வின் முடிவு அந்த மனிதரைப் பற்றியதாக இருப்பதைவிட அவரைச் சூழ்ந்த நம்மைப் பற்றியதாகவே மிகுதியும் இருக்கிறது.

இந்த இரண்டாம் பாதியைத் தமிழில் யாரும் சொல்லாவிட்டால் என்ன நேரும்? முதல் பாதி மட்டும் ஊருக்கு வரும். ‘ஆராய்ச்சியே சொல்லிவிட்டது, இவர்களுக்கு மனநோய்’ என்று பூசாரியும் போலி மருத்துவரும் சொல்வார்கள். தன் துயரை நம்பி ஒப்படைத்தவளின் மேலேயே அந்த ஆய்வு கல்லாக விழும்.

இரு துறைகளும் ஒன்றையொன்று சந்திக்கும் முச்சந்தி ஒன்று உண்டு. அங்குதான் இடர் மிகப் பெரிது. ஆங்கில அறிவியலில் ஒரே சொல், விந்தகத்தில் முட்டை உருவான ஆண் மீனையும் குறிக்கும். பிறப்பிலேயே இருபாற்கூறு கொண்ட மனிதரையும் குறிக்கும். பிரிட்டன் ஆறுகளில், கழிவுநீர் கலக்கும் இடங்களுக்குக் கீழே, ஆண் மீன்கள் பெண்தன்மை அடைந்திருப்பதை 1998இல் வெளியான ஆய்வு காட்டியது. கனடாவில் சோதனைக்கென ஒதுக்கிய ஏரியொன்றில் 2001 முதல் 2003 வரை கருத்தடை மாத்திரையின் செயற்கை ஈஸ்ட்ரோஜனை லிட்டருக்கு 5-6 நானோகிராம் அளவில் கலந்தபோது, ஒரு சிறுமீன் இனம் அந்த ஏரியில் அற்றுப்போகும் நிலையை எட்டியது. இவை நீர்மாசு பற்றிய மிகச் சிறந்த ஆய்வுகள். மீனுக்கு நேர்ந்தது நஞ்சின் விளைவு. ஊடுபால் மனிதரோ இயல்பான மாந்த வேறுபாடுகளுள் ஒருவர். மதுரை உயர்நீதிமன்றக் கிளையின் 2019 ஏப்ரல் தீர்ப்பை ஒட்டி, ஊடுபால் குழந்தைகளுக்கு உயிர்காக்கும் தேவையின்றி அறுவை செய்வதைத் தமிழ்நாடு அரசு அதே ஆண்டு தடை செய்தது. இவ்விரண்டையும் தமிழில் ஒரே சொல்லால் எழுதிவிட்டால், ‘நெகிழியும் மருந்துமே மனிதரை இப்படி ஆக்குகின்றன’ என்று நாம் தேநீர்க் கடைகளில் கேட்கும் பேச்சுக்கு அறிவியல் முத்திரை கிடைத்துவிடும்.

மறுபக்கத்தார்க்கும் ஒரு சொல். வயல்நீரில் வாழும் விலாங்கு போன்ற ஒரு மீன் பெண்ணாகப் பிறந்து ஆணாக மாறுகிறது. ஆகவே எல்லாம் இயற்கையே என்று வாதிடும் நண்பர்கள் நல்லெண்ணம் உடையவர்கள். எனினும் மனிதரின் மதிப்பை மீனிடம் சான்று வாங்கி நிறுவ வேண்டியதில்லை. நாளை அந்த மீன் பற்றிய முடிவு மாறினால் மனிதரின் உரிமையும் மாறிவிடுமா?

தமிழ் கற்பிக்கும் நமக்கு இது புதிய சிக்கலன்று. பால் திரிந்தோரைக் குறிக்கும் சொற்களுக்குத் தனி ஈறு இல்லை, உயர்திணை ஈறுகளே அவற்றுக்கு உரியவை என்று கிளவியாக்கத்தில் தொல்காப்பியர் வகுத்தார். பின்வந்த பவணந்தியார், அவை அஃறிணை போலவும் வரலாம் என்று நன்னூலில் இடம் விட்டார். ஒரு சொல்லுக்கு எந்த ஈறு என்ற இலக்கண வினாவுக்குள் ஒரு மனிதர் எந்தத் திணை என்ற வினா ஒளிந்திருக்கிறது. ஆய்வேட்டில் ‘மாதிரிகள்’ என்று எழுதும்போதும் அதே வினாவே எழுகிறது. மீன் தன்னைப் பற்றிய ஆய்வேட்டை வாசிக்காது. மனிதர் வாசிப்பார், வாசிக்கக் கொடுத்தால்.

‘தமிழில் கலைச்சொல் இல்லை’ என்பது நமக்குச் சொல்லப்படும் முதல் மறுப்பு. பாலீர்ப்பு, பாலின அடையாளம் சார்ந்த சொற்களின் தொகுப்பைத் தமிழ்நாடு அரசு 2022 ஆகஸ்டில் அரசிதழிலேயே வெளியிட்டது. திருநங்கை, திருநம்பி, திருநர் என்னும் சொற்கள் வழக்கில் வேரூன்றிவிட்டன. மீனுக்கோ அயிரை, கெளுத்தி, ஆரல், உளுவை, கெண்டை, விரால் என்று நீரோடு பழகியவர் நாவில் பெயர்கள் காத்திருக்கின்றன. இலத்தீன் பெயரைப் பிழையின்றி எழுதும் ஆய்வேடு, பிடித்துக் கொடுத்தவர் சொன்ன பெயரை ஒரு பின்னிணைப்பில் சேர்ப்பதால் தாழ்ந்துவிடாது.

‘ஆய்விதழ்க் கட்டுரைக்கே மதிப்பெண், தமிழுக்கு ஏது?’ என்பது இரண்டாவது. முனைவர் பட்டத்திற்கு முன் கட்டுரை வெளியிட்டாக வேண்டும் என்ற கட்டாயத்தைப் பல்கலைக்கழக மானியக் குழு 2022 நெறிமுறைகளில் நீக்கிவிட்டது. காசு வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் போலி இதழ்களைக் கொழுக்க வைத்த விதி அது. அவற்றுக்குச் செலவான நேரத்தில் ஒரு பங்கு போதும்.

மூன்றாவது மறுப்பே கனமானது. பால் புதுமையர் பற்றிய முடிவை ஊரறியச் சொன்னால் விடையளித்தவர் காட்டிக்கொடுக்கப்பட மாட்டாரா? உண்மை. சிற்றூரில் வயதையும் படிப்பையும் சொன்னாலே ஆள் தெரிந்துவிடும். ஆகவேதான் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லலாகாது என்பதை விடையளித்தவர்களோடு கலந்தே முடிவு செய்ய வேண்டும் என்கிறோம். அவர்களைக் கேளாமல் ஆங்கிலத்தில் அச்சிட்டு இணையத்தில் ஏற்றுவது மட்டும் எவ்வகையில் காவல் ஆகும்?

நாம் கேட்பது பெரிதன்று. ஒவ்வோர் ஆய்வேட்டோடும் நான்கு பக்கத் தமிழ்ச் சுருக்கம். மீன் ஆய்வானால் அது ஊராட்சிக்கும் மீன் பிடிப்போர்க்கும் போகட்டும். உளநல ஆய்வானால் விடையளித்தோர்க்கும், அவர்கள் இசைந்தால் ஆசிரியர்க்கும் பெற்றோர்க்கும் போகட்டும். முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வு விதிப்படி பொதுத் தேர்வு. பொதுமக்களுள் ஒருவரும் அதற்கு வருவதில்லை. அவர்களுக்குப் புரியும் மொழியில் ஒரு கால்மணி நேரமேனும் பேசுவதென்று விதி செய்தால் வருவார்கள்.

இதை மாநிலத்தின் பெரிய பல்கலைக்கழகங்கள் தொடங்கட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. பெண்களுக்கென எழுந்த ஒரு பல்கலைக்கழகம், மாசுபட்ட ஏரிக்கு அருகிலேயே இருக்கும் ஒரு பல்கலைக்கழகம், அட்டுவம்பட்டியிலிருந்தே தொடங்கலாம். மறுப்புடைய நண்பர்கள் எழுதுக. விடையிறுக்க நாம் இங்கேதான் இருக்கிறோம்.