பஞ்சுப் பனியும் ஸ்ரீ மூடாவும்

இந்த டிசம்பரிலும் அந்தக் கட்டுரை வந்துவிடும். எழுதப்போவது யார் என்று தெரியாது, ஆனால் கட்டுரை எனக்கு மனப்பாடம். ஜன்னலுக்கு வெளியே பனி, இல்லாவிட்டால் மழை. கையில் காபி. தூரத்தில் கிறிஸ்துமஸ் விளக்குகள். ஊரிலிருந்து அம்மா போன் பண்ணி "சாப்டியாப்பா?" என்பார். பக்கத்து வீட்டுப் பாட்டி ஒருவர் கேக் கொண்டுவந்து தருவார், அவருக்குப் பெயர் இருக்காது. கடைசிப் பத்தியில் வீடு என்றால் என்ன என்பதற்கு ஒரு விளக்கம். எழுதியவர் பெரும்பாலும் நம்ம ஆள்தான், இன்ஜினியர். கீழே நாற்பது பேர் "கண் கலங்கிவிட்டது" என்று எழுதியிருப்பார்கள்.

நானும் இன்ஜினியர்தான். நெல்லையில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் மெக்கானிக்கல் முடித்துவிட்டு, 2019 நவம்பரில் ஷா ஆலத்தில் ஒரு வாகன உதிரிப்பாகத் தொழிற்சாலைக்கு வேலைக்கு வந்தேன். அடுத்த மாதமே அந்தக் கட்டுரையை எழுதினேன். அதனால் இப்போது திட்டப்போவதில் பாதி என்னைத்தான்.

செக்‌ஷன் 7இல் ஐ-சிட்டி என்று ஓர் இடம் இருக்கிறது. ஆயிரக்கணக்கான எல்இடி மரங்கள் இரவெல்லாம் எரியும். உள்ளே செயற்கைப் பனிக்கூடம் ஒன்று. முப்பது டிகிரி வெயிலிலிருந்து போய், அங்கே தருகிற ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு பனியில் நின்று போட்டோ எடுக்கலாம். எடுத்தேன். அதை வைத்துத்தான் எழுதினேன். பாளையங்கோட்டையில் டிசம்பர் என்றால் வீட்டுக்கு வீடு ஸ்டார் தொங்கும், தூத்துக்குடி மக்ரூன் வரும், குடிலில் பனிக்குப் பதிலாகப் பஞ்சை ஒட்டியிருப்பார்கள். அந்தப் பஞ்சையும் ஐ-சிட்டிப் பனியையும் ஒப்பிட்டு உருகி உருகி எழுதியிருந்தேன். அதில் ஒரு வரி: "இந்த மண்ணில் எனக்கு என்று யாருமில்லை."

அதை எழுதியது செக்‌ஷன் 25, தாமான் ஸ்ரீ மூடாவில் ஒரு மாடி அறையில் உட்கார்ந்து. கீழ்வீட்டில் வாடகைக்குவிட்ட அக்காவின் குடும்பம். அக்காவின் அப்பா பிறந்தது இதே வட்டாரத்தில் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில். 1974இல் கோலாலம்பூரைக் கூட்டரசுக்குக் கொடுத்துவிட்டு, சிலாங்கூர் தனக்கென்று ஒரு தலைநகரம் கட்டியது. 1978இல் ஷா ஆலம் தலைநகரானது. அதற்கு முன் இங்கே பால்மரமும் செம்பனையும்தான். இன்று நாம் செக்‌ஷன் எண் சொல்லிக் கிராப் பிடிக்கிற இடங்களுக்கெல்லாம் அன்றைக்குத் தோட்டப் பெயர்கள். தோட்டம் போயும் பெயர் போகவில்லை. செக்‌ஷன் 7 தமிழ்ப்பள்ளியின் பெயர் இன்றும் மிட்லண்ட்ஸ் தோட்டத் தமிழ்ப்பள்ளி. ஐ-சிட்டியும் அதே செக்‌ஷன் 7தான். நான் பனிக்குப் போன வழியில் அந்தப் பள்ளியும் இருந்தது. என் கட்டுரையில் இல்லை.

கிறிஸ்துமஸைப் பற்றித்தானே எழுதினேன், அதையாவது ஒழுங்காக எழுதினேனா? ஷா ஆலத்தில் கத்தோலிக்கர்களுக்கு ஒரு தேவாலயம் எழும்ப ஏறக்குறைய 28 வருடம் ஆயிற்று. 2005இல்தான் திறந்தார்கள், அதுவும் குடியிருப்புக்குள் இல்லை, கிளென்மாரி தொழிற்பேட்டையில், தொழிற்சாலைகளுக்கு நடுவே. கோயில் கதை இன்னும் கசப்பு. செக்‌ஷன் 19இலிருந்த மாரியம்மன் கோயிலைச் செக்‌ஷன் 23க்கு மாற்றும் திட்டத்தை எதிர்த்து, 2009 ஆகஸ்ட் 28 அன்று வெட்டிய மாட்டுத்தலையுடன் மாநிலச் செயலகம் வரை ஊர்வலம் போனார்கள். இந்த ஊரில் ஒரு பண்டிகை கொண்டாடுவதற்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது. நான் எல்இடி மரத்தடியில் நின்று தனிமையைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

சரி, 2021க்கு வருகிறேன்.

டிசம்பர் 18, சனிக்கிழமை. கிறிஸ்துமஸுக்குச் சரியாக ஒரு வாரம். முந்தின நாளிலிருந்தே மழை விடவில்லை. நான் மாடியில் லேப்டாப்பைத் திறந்து அந்த வருடத்துக் கட்டுரையைத் தொடங்கியிருந்தேன். முதல் வரி இன்னும் அந்தக் கோப்பில் இருக்கிறது: "மலேசிய மழைக்கு ஒரு தனிமை உண்டு." இரண்டாவது வரிக்கு யோசித்துக்கொண்டிருந்தபோது கீழேயிருந்து அக்கா கத்தினார்: "தம்பி, கீழ வாங்க, பிரிட்ஜத் தூக்கணும்!"

இறங்கினால் கணுக்கால் வரை தண்ணீர். பிரிட்ஜை மேசைமேல் ஏற்றினோம். அரைமணி நேரத்தில் மேசை மிதந்தது. கரண்ட் போனது. அண்ணன் காடியை மேட்டுக்கு ஓட்டப் போய், தெருமுனையிலேயே விட்டுவிட்டு நெஞ்சளவுத் தண்ணீரில் திரும்பி வந்தார். இரவு கிள்ளான் ஆற்றுத் தண்ணீர் முழுசாக உள்ளே வந்துவிட்டது. எங்கள் வீட்டில் மாடிப்படியில் மேலே நான்கு படி மிச்சம். தாழ்ந்த தெருக்களில் கூரைமேல் உட்கார்ந்திருந்தார்கள். அக்கா, அண்ணன், இரண்டு பிள்ளைகள், அக்காவின் அம்மா, பின்வீட்டிலிருந்து கூரை வழியாக ஏறிவந்த இரண்டு பர்மாக்காரத் தொழிலாளிகள், நான். என் பத்துக்குப் பத்து அறையில் எட்டுப் பேர், இரண்டு இரவு. சாப்பிட்டது என்ன தெரியுமா? கிறிஸ்துமஸுக்குச் சுட்டு டின்னில் அடைத்துவைத்த முறுக்கும், அக்கா கீழேயிருந்து முதலில் காப்பாற்றிக் கொண்டுவந்த கேக்கும்.

வரவேண்டியவர்கள் வரவில்லை. படகு வைத்திருந்த சாதாரண ஜனங்கள் வந்தார்கள். மீன்பிடிக்கிறவர்கள், பொழுதுபோக்குக்குக் கயாக் ஓட்டுகிற சீனப் பையன்கள். சாப்பாட்டுப் பொட்டலம் வந்தது. பெட்டாலிங் ஜெயா குருத்வாராவில் சமைத்தது என்றார்கள். தண்ணீர் வடிந்தபின் தெரு முழுக்கச் சோபாவும் மெத்தையும் பள்ளிக்கூடப் புத்தகமும் சேற்றில் குவிந்து கிடந்தன. 25ஆம் தேதி காலை அக்கா இரவல் சேலையில் கிள்ளான் லூர்து மாதா தேவாலயத்துக்குப் பூசைக்குப் போனார். நானும் அண்ணனும் சுவரைக் கழுவிக்கொண்டிருந்தோம்.

இந்த வெள்ளத்தைச் சொல்லிப் பரிதாபம் வாங்குவதற்காக எழுதவில்லை. எனக்கு நஷ்டம் ஒரு ஜோடி ஷூ மட்டும். கம்பெனி மூன்று நாள் விடுப்பும் தந்தது. அந்தப் பர்மாக்காரர்களுக்கு அது கிடைத்திருக்காது. அதுதான் விஷயமே. 'வெளிநாட்டு வாழ்க்கை' என்று நாம் எழுதுவது எம்ப்ளாய்மென்ட் பாஸ் வைத்திருப்பவனின் மனநிலையை. பிரிக்பீல்ட்ஸில் நமக்கு வாழை இலை போடுகிற ராமநாதபுரத்துத் தம்பி பாஸ்போர்ட்டை முதலாளி கையில் கொடுத்துவிட்டு வேலை பார்க்கிறான். அவனும் வெளிநாட்டில்தான் இருக்கிறான். அவனுடைய டிசம்பர் எங்கே?

அதே வாழை இலை முன்னால் உட்கார்ந்து நம்ம ஆட்கள் பேசுவதையும் கேட்டிருக்கிறேன். "இவங்க தமிழே ஒரு மாதிரி மச்சான், காருக்குக் காடிங்கறாங்க." காலை உணவைப் 'பசியாறுதல்' என்று சொல்கிற ஊர் இது. "பசியாறிட்டீங்களா தம்பி?" என்று அக்கா கேட்கிறபோதெல்லாம், "பிரேக்பாஸ்ட் ஆச்சா" என்று கேட்கிற என் வாயை நினைத்துக்கொள்வேன். நாம் வருவதற்கு நூறு வருடம் முன்பே இங்கே வந்து, காடு அழித்து, சயாம் ரயில்பாதையில் செத்து, பள்ளிக்கூடம் கட்டி, நாவல் எழுதிய ஒரு சமூகம் இருக்கிறது. அ. ரெங்கசாமியை, சீ. முத்துசாமியைப் படித்த ஒரு சக இன்ஜினியரை நான் இன்னும் சந்திக்கவில்லை. ம. நவீனின் 'பேய்ச்சி' நாவலை 2020 டிசம்பரில் உள்துறை அமைச்சு தடைசெய்தது. அந்த டிசம்பரிலும் நம்ம ஆட்களின் வாட்ஸப் குழுவில் ஓடியது எந்தக் கடையில் பிளம் கேக் நன்றாக இருக்கும் என்பதுதான். நானும் ஒரு கடை பெயர் சொன்னேன்.

"அப்போ தனிமையைப் பத்தியே எழுதக் கூடாதா?" என்று ஒரு நண்பன் கேட்டான். நியாயமான கேள்வி. தனிமை பொய்யில்லை. முதல் வருடம் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் காரணமே இல்லாமல் எல்ஆர்டியில் கடைசி ஸ்டேஷன் வரை போய்த் திரும்பியிருக்கிறேன். எழுதலாம். ஆனால் அந்தத் தனிமைக்கு ஒரு தெருவும் வாடகையும் விசாவும் இருக்கிறது, கீழ்வீட்டில் ஆளும் இருக்கிறது. அதையெல்லாம் அழித்துவிட்டு ஜன்னலையும் மழையையும் மட்டும் வைத்துக்கொண்டால், அதை டொரண்டோவில் எழுதினாலும் ஷா ஆலத்தில் எழுதினாலும் ஒரே கட்டுரைதான். ஊர்ப் பெயரை மட்டும் மாற்றினால் போதும். நிறையப் பேர் மாற்றியிருக்கிறார்கள் என்றே சந்தேகப்படுகிறேன்.

ப. சிங்காரம் 1938இல் மேடானுக்கு வந்தபோது அவருக்குப் பதினெட்டு வயது. நம்மைப் போலப் பிழைக்க வந்தவர்தான். 1946இல் திரும்பிப் போய் மதுரையில் பத்திரிகை வேலை பார்த்துக்கொண்டு 'புயலிலே ஒரு தோணி'யை எழுதினார். அதிலும் ஊர் ஏக்கம் இருக்கிறது. மதுரைத் தெருக்கள் மேடான் தெருக்களின்மேல் வந்து வந்து விழும். ஆனால் அவருக்கு மேடான் தெருவின் பெயர் தெரியும், கடை தெரியும், வட்டிக்கடைச் செட்டியின் கணக்கு தெரியும், ஜப்பான்காரன் எந்த வழியாக உள்ளே வந்தான் என்று தெரியும். நான்கு வருடமாக இருக்கிற எனக்கு, என் தெருவில் தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வந்தது என்பதே அண்ணன் சொல்லித்தான் தெரியும். இது திறமைக் குறைவு என்று நான் நம்பவில்லை. கேட்கவில்லை, அவ்வளவுதான். இந்த ஊர் சேமிப்புக்கு, எழுத்துக்கு நாகர்கோவிலோ நெல்லையோ என்று பிரித்துவைத்திருக்கிறோம்.

ஆசிரியர்களுக்கும் இதில் பங்கு உண்டு. சென்னையிலிருந்து பார்க்கும்போது 'புலம்பெயர்' என்று முத்திரை குத்தினால் எதையும் போட்டுவிடலாம் என்று இருக்கிறது. அந்தக் கட்டுரையை ஒரு வருடம் நிறுத்திப் பார்க்கலாம். வருகிறவரிடம் கேக் கொடுத்த பாட்டியின் பெயர் என்ன என்று மட்டும் கேட்டுத் திருப்பி அனுப்பலாம்.

2021க்குப் பிறகு எங்கள் வீட்டில் டிசம்பர் பிறந்தால் ஓவன் மாடிக்கு வந்துவிடும். இந்த வருடமும் வந்துவிட்டது. என் அறை வாசலில்தான் இருக்கிறது, முதல் கேக் உள்ளே இருக்கிறது. ஓவன் ஓடும்போது லேப்டாப்பை பிளக்கில் போடக் கூடாது, கட்டை விழுந்துவிடும் என்று அக்கா உத்தரவு. பேட்டரி இப்போது 11 சதவீதம்.