கஞ்சா அல்லாத இலைக்கு 364 நாள்

2014 செப்டம்பரில், அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலம் பெட்ஃபர்ட் கவுண்டியில், ஆறாம் வகுப்பு மாணவன் ஒருவனின் புத்தகப் பையில் ஓர் இலையும் ஒரு லைட்டரும் அகப்பட்டன. இலை பார்வைக்குக் கஞ்சா மாதிரி இருந்தது. பையனுக்கு வயது 11. பள்ளி நிர்வாகம் அவனை 364 நாள் இடைநீக்கம் செய்தது. சிறார் நீதிமன்றத்தில் வழக்கும் போட்டார்கள். இலையை மூன்று முறை சோதித்தும் அது கஞ்சா இல்லை என்றே முடிவு வந்தது. வழக்கு கைவிடப்பட்டது, பள்ளி கொடுத்த தண்டனை மட்டும் அசையவில்லை. பிள்ளை மனச்சோர்வில் விழுந்துவிட்டான் என்று முறையிட்டுப் பெற்றோர் கூட்டாட்சி நீதிமன்றத்துக்குப் போனார்கள்.

இது ஏதோ ஓர் அதிகாரியின் அவசரம் என்று விட்டுவிட முடியாது. மாநிலச் சட்டமே இதற்கு இடம் தருகிறது. உண்மையான போதைப்பொருளைப் பள்ளிக்குக் கொண்டுவந்தவனை வெளியேற்றும் அதே பிரிவின் கீழ், போதைப்பொருள் போலத் தோன்றும் பொருளைக் கொண்டுவந்தவனையும் வெளியேற்றலாம். வெளியேற்றம் என்றால் 365 நாள். பெட்ஃபர்ட் பையனுக்குக் கிடைத்த சலுகை ஒரே ஒரு நாள்!

போலிப் போதைப்பொருள் சட்டங்கள் யாரைக் குறிவைத்து வந்தன என்பதை மறக்கக் கூடாது. காஃபீனையும் எபெட்ரினையும் அடைத்து, ஆம்ஃபெட்டமின் மாத்திரையின் நிறத்திலும் வடிவத்திலும் செய்து விற்றுக் கொழுத்த வியாபாரிகளைப் பிடிக்கத்தான் 1980களின் தொடக்கத்தில் பல மாநிலங்கள் அவற்றை இயற்றின. அதனால்தான் வர்ஜீனியாவின் குற்றவியல் சட்டம், போலிச் சரக்கைத் தயாரித்தானா, விற்றானா, கொடுத்தானா, விற்கும் நோக்கத்தில் வைத்திருந்தானா என்று கேட்கிறது. பள்ளிச் சட்டத்தில் அந்த நோக்கம் என்ற கேள்வியே காணாமல் போய்விட்டது. பைக்குள் இருந்தது என்றால் போதும். கடைத்தெரு வியாபாரிக்குக் கிடைக்கும் பாதுகாப்பு, பதினொரு வயதுப் பிள்ளைக்குக் கிடைக்கவில்லை.

2018இல் மாநிலச் சட்டமன்றம் நீண்டகால இடைநீக்கத்தை 45 பள்ளி நாள்களுக்குக் குறைத்தது. வரவேற்க வேண்டிய திருத்தம். ஆனால் போதைப்பொருள் பிரிவுக்கு விலக்கு வைத்து, 364 நாள் வரை நீட்டிக்க வழி விட்டது. போலிப்பொருளும் அந்த விலக்குக்குள்ளேயே நிற்கிறது. இத்தனைக்கும், 2021 ஜூலை முதல் அதே மாநிலத்தில் 21 வயது நிரம்பியவர் வீட்டுக்கு நான்கு கஞ்சாச் செடி வளர்க்கலாம்.

கண்டிப்பு தளர்ந்தால் பள்ளிகள் சீரழியும் என்று அஞ்சுபவர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய அச்சத்தை நாம் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. 2023இல் லௌடன் கவுண்டியின் பார்க் வியூ உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் பலர் அடுத்தடுத்து ஒப்பியாய்டு எனும் அபின் வகைப் போதைமருந்தின் மிகைநுகர்வுக்கு ஆளானார்கள். இப்படி நடந்தால் 24 மணி நேரத்துக்குள் பெற்றோருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று அப்போதைய ஆளுநர் யங்கின் ஆணையிட வேண்டியிருந்தது. மருந்துக்கடை வலிநிவாரணி போலவே நீல நிறம், அதே முத்திரை, உள்ளே அதே வகையைச் சேர்ந்த ஃபென்டனில்: இன்று பிள்ளைகளைக் கொல்வது இந்த மாத்திரைதான். கூட்டாட்சிப் போதைத் தடுப்பு அமைப்பு 2023இல் சோதித்த ஃபென்டனில் கலந்த போலி மாத்திரைகளில் பத்துக்கு ஏழில் உயிரைப் பறிக்கக்கூடிய அளவு இருந்தது. அதற்கு 2 மில்லிகிராம் போதும்.

அந்த மாத்திரை ஒன்று நண்பனின் கையில் இருப்பதை ஒரு பிள்ளை பார்க்கிறது என்று வையுங்கள். அந்தப் பிள்ளை நேரே ஆசிரியரிடம் ஓட வேண்டும். உண்மையோ போலியோ, சொன்னால் நண்பனுக்கு ஓராண்டு பள்ளி போய்விடும் என்று தெரிந்த பிள்ளை ஓடுமா? வாயை மூடிக்கொள்ளும். அந்த மௌனத்தில் ஓர் உயிர் போகும். நம்மை உறங்கவிடாத கவலை இதுதான். கண்ணை மூடிக்கொண்டு தண்டிக்கும் இம்முறை பள்ளிகளைப் பாதுகாப்பாக்கியதற்குச் சான்றில்லை என்று அமெரிக்க உளவியல் சங்கத்தின் பணிக்குழு 2008இலேயே சொல்லிவிட்டது.

வடக்கு வர்ஜீனியாவில் தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். கோயிலிலிருந்து வந்த திருநீற்றுப் பொட்டலமும், பாட்டி மடித்துக் கொடுத்த சுக்குப்பொடியும் நம் பிள்ளைகளின் பையில் கிடக்கக்கூடியவை; பார்வைக்குப் போதைப்பொடி போலவும் தோன்றலாம். அதனால், ஆண்டுத் தொடக்கத்தில் வரும் மாணவர் நடத்தைக் கையேட்டில் படிக்காமலே கையெழுத்திடும் வழக்கத்தை இன்றே விடுங்கள்.

ஜனவரியில் ரிச்மண்டில் கூடும் சட்டமன்றம், பள்ளிச் சட்டத்திலும் நோக்கத்தை நிரூபிக்கும் கடமையைச் சேர்க்க வேண்டும். ஆய்வக முடிவு வருமுன் எந்தப் பிள்ளையும் வகுப்பை இழக்கக் கூடாது என்று எழுத வேண்டும். பள்ளி வாரியங்கள் அதுவரை காத்திருக்கத் தேவையில்லை: சூழ்நிலையைப் பார்த்துத் தண்டனையைக் குறைக்கவும், தண்டிக்காமலே விடவும் பள்ளிச் சட்டத்தின் அதே போதைப்பொருள் பிரிவு அவர்களுக்கு அதிகாரம் தந்திருக்கிறது. குறுகிய இடைநீக்கத்துக்குக்கூட, குற்றச்சாட்டைச் சொல்லி மாணவன் தரப்பைக் கேட்க வேண்டும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1975இல் தீர்ப்பளித்திருக்கிறது. பள்ளியிலிருந்து தொலைபேசி வந்தால், பெற்றோர் சோதனை முடிவையும் விசாரணையையும் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்.