பாட்டுப் பொட்டி வேற, பாட்டு வேற

ரொம்ப நாளா மனசுல ஓடிக்கிட்டிருந்த விஷயம் இது. எம்பி3 பிளேயர், ஐபாட், மெமரி கார்டு போட்ட போன், கார் ஸ்டீரியோல செருகுற பென் டிரைவ், எதுவா வேணா இருக்கட்டும். நம்மில் பாதிப் பேர் பாட்டு கேக்குற பொட்டியையே பாட்டு வெக்கிற பீரோவா நெனச்சுக்கறோம். "என் கலெக்‌ஷன் மொத்தமும் இதுலதாம்ப்பா இருக்கு"ன்னு பெருமை வேற. என்னைக் கேட்டா அது வெறும் சட்டைப் பைங்க. சட்டைப் பையில சில்லறை வெச்சுக்கலாம், வீட்டுப் பத்திரத்தை வெப்போமா?

"இந்தக் காலத்துல யாருய்யா கோப்பா வெச்சுப் பாட்டு கேக்குறா? எல்லாம் ஸ்ட்ரீமிங்தானே"ன்னு ஒருத்தர் கெளம்புவார். சரிதான். கூகுள் ப்ளே மியூசிக் 2020ல கடையைக் கட்டியாச்சு. ரெஸ்ஸோ 2024 ஜனவரியோட இந்தியாவுல காலி. அதே 2024ல விங்க் மியூசிக்கும் மூடுறதா அறிவிச்சாங்க. கடைக்காரர் ஷட்டரை இறக்கிட்டா நாம வாசல்ல நிக்க வேண்டியதுதான். கையில கோப்பா இருக்கிற பாட்டுக்கு அந்தத் தலைவலி இல்லை. ஆனா கையில இருந்தா மட்டும் பத்தாது, அதைக் கட்டி மேய்க்கவும் தெரியணும். நான் பேச வந்தது அதைத்தான்.

முதல்ல ஐபாடையே எடுத்துக்குவோம். 2001 அக்டோபர் 23 அன்னிக்கு 5 ஜிபியோட வந்துச்சு, 1000 பாட்டு பாக்கெட்டுக்குள்ளன்னு சொல்லித்தான் வித்தாங்க. 2022 மே மாசம் ஐபாட் வரிசைக்கே மங்களம் பாடிட்டாங்க. கேக்குறதுக்கு அருமையான பொட்டி, சந்தேகமே இல்லை. ஆனா அதுக்குள்ள பாட்டு எப்படி இருந்துச்சு தெரியுமா? மறைச்சு வெச்ச ஒரு ஃபோல்டர். அதுக்குள்ள எஃப்00, எஃப்01, எஃப்02ன்னு வரிசையா அறைகள். ஒவ்வொரு பாட்டுக்கும் அர்த்தமே இல்லாத நாலெழுத்துப் பேர். எது எந்தப் பாட்டு, எந்தப் பிளேலிஸ்ட்ல வரணும்ங்கிற கணக்கெல்லாம் ஐட்யூன்ஸ்டிபின்னு ஒரு தனிக் கோப்புல. கணக்குப்பிள்ளை கிட்டதான் சாவி, முதலாளி கையில ஒண்ணும் இல்லை!

பாட்டு கம்ப்யூட்டர்லேருந்து ஐபாடுக்குப் போகும், திரும்பி வராது. அவங்க கடையில வாங்கின பாட்டை மட்டும் பின்னாடி திரும்ப எடுக்க விட்டாங்க. நாம சிடியிலேருந்து ஏத்தின பாட்டுக்கு ஒருவழிப் பாதைதான். வேற கம்ப்யூட்டர்ல செருகி சிங்க் குடுத்தா, இருக்கிறதை அழிச்சிட்டு இங்க உள்ளதை ஏத்தட்டுமான்னு கேக்கும். அவசரத்துல 'சரி'யை அமுக்கினவங்க கதையை நீங்களும் கேட்டிருப்பீங்க.

இதுல கவனிக்க வேண்டிய ஒரு விஷயம் இருக்கு. மறைஞ்ச ஃபோல்டரைத் தேடிப் பிடிச்சு, அந்த நாலெழுத்துக் கோப்புகளை அப்படியே வெளிய எடுத்துப் போட்டாக்கூட, ஒவ்வொண்ணும் என்ன பாட்டுன்னு மீட்டெடுக்க முடியும். எப்படின்னா, கோப்புக்கு உள்ளேயே எழுதியிருக்கிற ஐடி3 டேக் இருக்கே, அதை வெச்சு. எம்பி3டேக் மாதிரி ஒரு இலவச மென்பொருள்ல போட்டா, டேக்கைப் படிச்சு மொத்தமா பேர் மாத்திக் குடுத்துடும். பொட்டி போகலாம், கணக்குக் கோப்பு போகலாம், டேக் மட்டும் பாட்டோடயே ஒட்டிக்கிட்டு வரும். அதனாலதான் சொல்றேன், பாட்டுக்குச் சட்டை தைக்கிற வேலையை பொட்டிக்காரன் கிட்ட விடாதீங்க.

இந்த டேக் விஷயத்துல நம்ம தமிழ்ப் பாட்டு படுற பாடு தனி. டேக்கை வடிவமைச்சவங்க மனசுல இருந்தது 'பாடகர், ஆல்பம், பாட்டு'ங்கிற கணக்கு. நமக்குப் படம், இசையமைப்பாளர், ரெண்டு மூணு பாடகர்னு கூட்டுக் குடும்பம். நம்ம சினிமாப் பாட்டுக்குத் தனியா தலைப்பும் கிடையாது, பல்லவியோட முதல் அடிதான் பேரு. 1996ல வந்த பழைய ஐடி3 டேக்ல தலைப்புக்கு 30 பைட், பாடகருக்கு 30, ஆல்பத்துக்கு 30, அவ்வளவுதான் இடம். யூனிகோட் யூடிஎஃப்-8ல நம்ம தமிழுக்கு உயிர், மெய், கொம்பு, கால், புள்ளின்னு ஒவ்வொண்ணுக்கும் 3 பைட் ஆகும். எம்.எஸ்.விஸ்வநாதன்னு எழுதினா 50 பைட். பாதியிலேயே வெட்டிடும்! அப்புறம் வந்த டேக் வடிவங்கள்ல இந்த இடப் பஞ்சமும் இல்லை, யூனிகோடுக்கும் வழி பண்ணிட்டாங்க. ஆனா டிஸ்கி எழுத்துருவில போட்ட பழைய டேக்கெல்லாம் இன்னிக்கும் கொம்பு முளைச்ச ஆங்கில எழுத்தாத்தான் தெரியும். எழுத்துரு இல்லாம கட்டம் கட்டமா பார்த்து நொந்த நம்ம ஆளுங்களுக்கு இதை விளக்கணுமா என்ன :-)

இன்னொரு கூத்து. 'ஆயிரத்தில் ஒருவன்' 1965லயும் இருக்கு, 2010லயும் இருக்கு. முன்னது விஸ்வநாதன்-ராமமூர்த்தி, பின்னது ஜி.வி.பிரகாஷ். 'பில்லா' 1980ல எம்.எஸ்.வி, 2007ல யுவன். ஆல்பம் பேரை மட்டும் பார்த்து அடுக்குற பிளேயர் இந்த ரெண்டு ரெண்டையும் ஒரே எலையில சாம்பார், பாயசம்னு கலந்து ஊத்திடும். இளையராஜாவை இங்கிலீஷ்ல எத்தனை விதமா எழுதறாங்களோ, பட்டியல்ல அத்தனை இளையராஜா. எங்கேயோ இறக்கின பாட்டுன்னா இசையமைப்பாளர் பேர் இருக்க வேண்டிய இடத்துல அந்த தளத்தோட விளம்பரம் உக்காந்திருக்கும்.

இதெல்லாம் வேலையத்தவன் பண்ற வேலைன்னு தோணுதா? எங்க தெரு பெரியவர் ஒருத்தர், ரிட்டயர்டு தபால்காரர். வீட்ல இருந்த கேசட்டையெல்லாம் பையனை வெச்சு எம்பி3யா மாத்தி, ஒரு பிளேயர்ல போட்டுக்கிட்டு காலையில நடக்கப் போவார். அதுல அவர் சம்சாரம் நவராத்திரிக்குப் பாடினது மூணு இருந்துச்சு. அந்தம்மா தவறிப் பல வருஷமாச்சு. ஒருநாள் பஸ்ல பிளேயரை எவனோ அடிச்சிட்டான். சினிமாப் பாட்டெல்லாம் ரெண்டே வாரத்துல திரும்பச் சேர்த்துட்டாங்க. இந்த மூணை எங்க போய்த் தேடுறது? கேசட்டையோ பழைய பேப்பர்காரன் கிட்ட போட்டாச்சு. நல்லவேளை, பையனோட பழைய ஹார்ட் டிஸ்க்ல நகல் இருந்துச்சு. ஆனா 1100 கோப்பு, எல்லாமே டிராக்01, டிராக்02ன்னு! மனுஷன் தினமும் ராத்திரி உக்காந்து ஒவ்வொண்ணா போட்டுக் கேட்டார். பதினாறாம் நாள்தான் அந்தக் குரல் கெடைச்சுது. நகல் இருந்ததால குரல் பொழைச்சுது. பேர் இல்லாததால பதினாறு ராத்திரி போச்சு.

ஐபாடைத் திட்டிட்டு, இழுத்துப் போடுற பிளேயர்தான் உசத்தின்னு சொல்ல வரலை. அதுக்கும் குணம் உண்டு. விலை கம்மியான பிளேயர், கார் ஸ்டீரியோ பலதும் பேர் வரிசையைப் பார்க்காது, எந்த வரிசையில காப்பி பண்ணீங்களோ அந்த வரிசையிலதான் பாடும். அதனால பேருக்கு முன்னாடி 01, 02ன்னு எண் போட்டு, அதே வரிசையில ஏத்துங்க. அப்புறம், காப்பி முடிஞ்ச மாதிரி தெரிஞ்சாலும் உள்ள எழுத்து வேலை நடந்துக்கிட்டிருக்கலாம். வெடுக்குனு புடுங்கினா கடைசிப் பாட்டு அரைகுறைதான், சில சமயம் மொத்த அட்டவணையே சிதறிடும். 'பாதுகாப்பாக அகற்று'ன்னு ஒண்ணு அழகுக்கு வெக்கலை.

128 கேபிபிஎஸ் பாட்டை 320ஆ மாத்தி ஏத்துறவங்களுக்கு ஒரு கும்பிடு. நிமிஷத்துக்கு ஏறக்குறைய 1 எம்பி இருந்தது 2.4 எம்பி ஆகும், அவ்வளவுதான். போன சத்தம் வராது, மறுபடி சுருக்கும்போது இன்னும் கொஞ்சம் போகும். நீர் மோர்ல தண்ணி ஊத்தினா தயிராகுமா?

என் கட்சி இதுதான். மூலப் பிரதி வீட்டு டிஸ்க்ல, சாதாரண ஃபோல்டர்ல இருக்கணும். படம், வருஷம், பாட்டுன்னு எந்த மென்பொருளும் இல்லாம கண்ணால பார்த்தே எடுக்குற மாதிரி. ஆல்பம் பேர்ல படத்தோட வருஷத்தையும் சேர்த்துடுங்க, ஆல்பம் கலைஞர்ங்கிற இடத்துல இசையமைப்பாளர், கலைஞர்ங்கிற இடத்துல பாடகர்கள். ஒரே எழுத்துக்கூட்டல், ஒரே யூனிகோட். இன்னொரு நகல் வேற டிஸ்க்ல, முடிஞ்சா வேற வீட்ல. பிளேயருக்குப் போறது எப்பவும் நகலோட நகல்தான். அது தொலைஞ்சா பணத்தோட போகட்டும்.

மொத்தமா உக்காந்தா மலைப்பா இருக்கும், ஒரு நாளைக்கு ஒரு படம்னு வெச்சுக்குங்க. சினிமாப் பாட்டுலேருந்து ஆரம்பிக்காதீங்க. பாட்டி தாலாட்டு, அக்கா கல்யாண நாதஸ்வரம், தங்கச்சி ஸ்கூல்ல பாடினதுன்னு உலகத்துல வேற எங்கேயும் கெடைக்காத நாலு பதிவு உங்க வீட்லயும் இருக்கும். யார் பாடினது, எந்த வருஷம், எந்த ஊர்னு முதல்ல அதுக்கு எழுதுங்க. மத்ததெல்லாம் மெதுவா பார்த்துக்கலாம்.