உயிரைக் காப்பாற்றிவிட்டுக் கட்டிலில் போட்டுவிடுகிறோம்



"சார் எப்படி இருக்காருங்க டீச்சர்?" என்று தினமும் யாராவது கேட்கிறீர்கள். எல்லோருக்கும் சேர்த்து இங்கேயே பதில் சொல்கிறேன். கொஞ்சம் நீளம்தான். பொறுமையாகப் படியுங்கள்.

பொங்கல் முடிந்த வாரம் அவருக்குப் பக்கவாதம் வந்தது. இடது கையும் காலும் விழுந்துவிட்டன. 9 நாள் ஆஸ்பத்திரியில் இருந்தோம். உயிரைக் காப்பாற்றிக் கொடுத்தவர்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த சீட்டில் 11 மாத்திரைகளின் பெயர் இருந்தது. அடியில் "பிசியோதெரபி" என்று ஒரே ஒரு சொல். எங்கே போவது, எத்தனை நாள் செய்வது, வீட்டில் நான் என்ன செய்வது என்று ஒரு வரியும் இல்லை. கேட்டதற்கு, "முதல்ல மாத்திரையைச் சரியாக் குடுங்கம்மா" என்றார்கள்.

சொந்தக்காரர்களே, அடுத்து உங்களைத்தான் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். புறா ரத்தம் தடவச் சொன்னீர்கள். எண்ணெய் போட்டு நீவ ஆள் கூட்டி வந்தீர்கள். பாசத்தில், விழுந்த கையைப் பிடித்து இழுத்தே அவரைத் தூக்கி உட்கார வைத்தோம். தோள் இறங்கி, ராத்திரியெல்லாம் வலியில் துடித்தார். பக்கவாதம் வந்தவரை அந்தக் கையைப் பிடித்து இழுக்கவே கூடாது என்பது எனக்கு ஐந்தாவது வாரம்தான் தெரிந்தது. முதல் மூன்று மாதம்தான் கைகால் வேகமாகத் திரும்பும் காலம். அதில் ஒரு மாதத்தைப் புறாவுக்குக் கொடுத்துவிட்டோம்.

ஐந்தாவது வாரம் சொன்னது யார் தெரியுமா? பக்கத்து வீட்டு அம்மாவுக்குப் பிரஷர் மாத்திரை கொண்டுவரும் சுகாதாரத் தன்னார்வலர் பெண். "மக்களைத் தேடி மருத்துவத்துல பிசியோதெரபியும் வீட்டுக்கே வந்து செய்வாங்க டீச்சர், எழுதிக் குடுத்துடட்டுங்களா?" என்றாள். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கிய திட்டம் அது. 2024இல் ஐ.நா. விருதும் வாங்கியது. பேப்பரில் நானும் படித்தேன். மாத்திரை கொடுக்கும் திட்டம் என்றே நினைத்திருந்தேன். 35 வருடம் பாடம் சொன்னவளுக்கே தெரியாவிட்டால் மற்றவர்களை என்ன சொல்வது?

பிசியோதெரபிஸ்ட் வந்தார். என் மகள் வயதுதான் இருக்கும். புரட்டிப் படுக்க வைப்பது, தலையணை வைத்துத் தோளைத் தாங்குவது, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து எழுவது என்று எனக்குத்தான் முதலில் பாடம் நடத்தினார். இன்று சார் கோல் ஊன்றித் திண்ணை வரை வருகிறார். அந்தப் பெண்ணுக்கு என் நன்றி என்றும் உண்டு.

ஆனால் கணக்கு இடிக்கிறது, கண்ணுகளா. திட்டப்படி ஒரு ஒன்றியத்துக்கு ஒரு பிசியோதெரபிஸ்ட். நம் காரமடை ஒன்றியத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஓடந்துறை ஒரு மூலை, தோலம்பாளையம் ஒரு மூலை, மேலே பில்லூர் பக்கம் மலைக்கிராமங்கள். ஒருவர் ஒரு நாளில் 6 வீடு போகிறார் என்றே வையுங்கள். மாதம் 24 வேலை நாள். ஆக 144 முறை. நோயாளிகள் 72 பேர் இருந்தால் ஆளுக்கு மாதம் 2 முறை. அவருக்கோ ஆரம்பத்தில் வாரம் 5 நாள் பயிற்சி வேண்டும். மீதி நாளுக்குத் தனியாரைக் கூப்பிட்டேன், ஒரு தடவைக்கு 500 ரூபாய். எனக்குப் பென்ஷன் வருகிறது. மூட்டை தூக்குகிறவன் எங்கே போவான்?

இதைக் கேட்கக் காரணம் இருக்கிறது. பல வருடம் முன்பு என் ஐந்தாம் வகுப்பில் ஒரு பெண். வாய்ப்பாட்டைத் தண்ணீராகச் சொல்லுவாள். அப்பா உருளைக்கிழங்கு மண்டியில் லோடுமேன். அவருக்கும் இதே நோய்தான். பிழைத்துக்கொண்டார், எழவில்லை. அம்மா கூலிக்குப் போக, அப்பாவைப் பார்த்துக்கொள்ள அவள் நின்றுவிட்டாள். ஆறாம் வகுப்பு போகவே இல்லை. வீட்டுக்குப் போய்ப் பார்த்து, "விதி" என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். அந்தக் கால் நடந்திருக்கலாம் என்று இன்று நினைக்கும்போது தூக்கம் வருவதில்லை. ஒரு ஆள் கட்டிலில் விழுந்தால் கூடவே இன்னொருவரின் வாழ்க்கையும் நிற்கிறது. அது பெரும்பாலும் ஒரு பெண்ணின் வாழ்க்கை.

"இத்தனை பேரைப் போட அரசாங்கத்திடம் பணம் ஏது?" என்று என் தம்பி கேட்டான். உயிரைக் காப்பாற்றச் செலவழித்துவிட்டு, நடக்க வைக்கச் செலவழிக்காமல் விடுவதுதான் வீண் செலவு. உலகத்தில் 240 கோடிப் பேருக்கு இப்படிப்பட்ட மறுவாழ்வுச் சிகிச்சை பயன்படும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இது ஆடம்பரம் இல்லை. மாத்திரை மாதிரி இதுவும் மருந்துதான்.

நான் கேட்பது மூன்றே மூன்று. ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் ஒரு பிசியோதெரபிஸ்ட், ஒப்பந்தத்தில் இல்லாமல் நிரந்தரப் பணியில். டிஸ்சார்ஜ் ஆகும் நாளிலேயே ஊர்ச் சுகாதார நிலையத்துக்குத் தகவல். வீட்டில் பார்த்துக்கொள்பவருக்கு ஒரு மணி நேரமாவது பயிற்சி.

என் மாணவர்களில் கவுன்சிலர் இருக்கிறீர்கள், நர்ஸ் இருக்கிறீர்கள், ஆட்டோ ஓட்டுகிறவர்கள் இருக்கிறீர்கள். அக்டோபர் 2 கிராம சபையில் இதை எழுதிக் கொடுத்துத் தீர்மானமாக்குங்கள். உங்கள் தெருவில் படுத்த படுக்கையாக யாராவது இருந்தால், தன்னார்வலரிடம் இன்றே பெயர் கொடுங்கள். கேட்கிறவர்கள் கூடினால்தான் ஆள் போதவில்லை என்பது மேலே தெரியும்.

இது டீச்சர் கொடுக்கும் வீட்டுப்பாடம். செய்துவிட்டுக் கீழே எழுதுங்கள், திருத்தக் காத்திருக்கிறேன்.