பிள்ளை வளர்ப்பான்

கைக்குழந்தை பால் கக்கினால் நம் வீடுகளில் முதலில் விசாரிக்கப்படுபவள் தாய். என்ன தின்றாய்? ஏன் தலைக்குக் குளித்தாய்? விசாரணை முடிந்ததும் தண்டனை வருகிறது. மாங்காய் கூடாது, பருப்பு கூடாது, மிளகு ரசமும் சோறும் போதும். பிள்ளை பெற்றுத் துவண்டு கிடப்பவளின் தட்டிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, குழந்தையின் வாயில் வசம்பும் ஓமத் தண்ணீரும் தேனும் வைக்கிறார்கள்.

நடப்பது இவ்வளவுதான். உணவுக்குழாய் இரைப்பையோடு சேரும் இடத்தில் ஒரு தசைவளையம் இருக்கிறது. பச்சிளம் குழந்தைக்கு அது இன்னும் வலுப்பெறவில்லை. குடிப்பது திரவம், கிடப்பது மல்லாந்து. பால் மேலேறத்தான் செய்யும். நான்காம் மாதத்தையொட்டி அதிகமாகும். உட்காரவும் நிற்கவும் தொடங்கியபின் குறைந்து, ஒன்று ஒன்றரை வயதுக்குள் பெரும்பாலும் நின்றுவிடும். பசும்பால் புரதம் ஒவ்வாத குழந்தைகள் சிலர் உண்டு. அதை மருத்துவர் கண்டறியட்டும், மாமியார்கள் வேண்டாம்.

தமிழ் படித்தவள் என்பதால் பெயர்களில் என் கண் நிற்கும். வசம்புக்கு நம் மக்கள் இட்ட பெயர் ‘பிள்ளை வளர்ப்பான்’. இரவெல்லாம் விழித்திருப்பவளுக்குக் கிடைக்காத பட்டம் ஒரு கிழங்குக்குக் கிடைத்திருக்கிறது, அதுவும் ஆண்பால் விகுதியோடு! அந்தக் கிழங்கில் உள்ள பீட்டா அசரோன் என்ற பொருளுக்கு அஞ்சி, வசம்பை உணவில் சேர்ப்பதை அமெரிக்கா 1968இல் தடை செய்தது. தேன், ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குப் பாட்டுலிசம் என்னும் கொடிய நச்சு நோயைத் தரக்கூடியது. பாட்டி வைத்தியம் என்று நாம் கொண்டாடும் கிரைப் வாட்டரோ 1851இல் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் வில்லியம் உட்வர்டு என்ற மருந்துக்கடைக்காரர் செய்து விற்றது. அதில் ஆதியில் சாராயமும் இருந்தது. ஆறு மாதம்வரை தாய்ப்பால் தவிர தண்ணீர்கூட வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

பாட்டிமார் அறிவைப் பழிக்கிறாயா என்பார்கள். இல்லை. பால் கொடுத்ததும் தோளில் போட்டு முதுகைத் தட்டச் சொன்னவர்களும் அதே பாட்டிமார்தான். கொஞ்சம் கொஞ்சமாகப் பால் கொடுப்பது, ஏப்பம் விடச் செய்வது, அரை மணி நேரம் நிமிர்த்திப் பிடித்திருப்பது: கக்கும் குழந்தைக்கு உண்மையான இயற்கை வைத்தியம் இதுதான். இதை விட்டுவிட்டு உரைகல்லை மட்டும் ஏன் பிடித்துக்கொண்டோம்? உரைத்து நாக்கில் தடவ ஒரு நிமிடம் போதும். தோளில் வைத்திருக்க நேரம் வேண்டும். நாளுக்கு எட்டு முறை பால் என்றால் நான்கு மணி நேரம். அந்த நேரம் யாருடையது என்ற கேள்வியைத்தான் வசம்பு மூடி மறைக்கிறது.

என் மகள் கக்கிய நாட்களில் வீட்டு ஆண்கள் ஓமத் தண்ணீர் வாங்க மூன்று முறை கடைக்குப் போனார்கள். ஒருவர்கூட அவளைத் தோளில் போட்டுக்கொண்டு கூடத்தில் நடக்கவில்லை. அரசும் அவர்களைப் போலத்தான். மத்திய அரசு ஊழியரான தந்தைக்கு 15 நாள் விடுப்பு. தனியாரிடம் வேலை செய்பவருக்குச் சட்டப்படி அதுவும் இல்லை.

பச்சையாகவோ இரத்தம் கலந்தோ வாந்தி எடுத்தால், பீறிட்டுக் கக்கினால், எடை ஏறாவிட்டால், பால் குடிக்க மறுத்தால், உரைகல்லைத் தேடாமல் மருத்துவமனைக்கு ஓடுங்கள். மற்ற நாட்களில் தாயை உண்ண விடுங்கள், உறங்க விடுங்கள். குழந்தைக்கு ஏப்பம் எடுக்க முலை தேவையில்லை, தோள் போதும். ஆணுக்கும் அது இரண்டு இருக்கிறது. அவன் அதைத் தரட்டும். ‘பிள்ளை வளர்ப்பான்’ என்ற பெயரை அன்றைக்கு வசம்பிடமிருந்து வாங்கி அவனுக்குக் கொடுப்போம்.